கணக்கோடு கொஞ்ச நேரம்: வளைவு எந்த இடத்தில் பக்கம் மாறுகிறது?

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே இடத்தைச் சுற்றியே இருந்தன. ஒரு வரைபு எந்தப் பக்கம் வளைகிறது, அந்த வளைவு எங்கே பக்கம் மாறுகிறது என்பதுதான் அது. பக்கம் மாறும் அந்த இடத்துக்குத்தான் விபத்திப் புள்ளி என்று பெயர். வரைபு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்ற அளவு (படித்திறன்) முதலாம் பெறுதி, அந்த அளவு மாறும் வேகம் இரண்டாம் பெறுதி, இவற்றைக் காண்பதுதான் வகையீடு. பரீட்சை எழுதும் பிள்ளைகள் மட்டுமில்லை, ஒரு கடைக்காரரும் ஒரு அம்மாவும்கூட இதைத்தான் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்கே அது தெரியாமல். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: ரீச்சர், தவணைப் பரீட்சையில் 3எக்ஸ்⁵ − 5எக்ஸ்⁴ என்ற சார்பின் விபத்திப் புள்ளிகளைக் காணச் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் பெறுதியைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினேன், எக்ஸ் = 0, எக்ஸ் = 1 என்று இரண்டு விடை வந்தது, இரண்டையும் எழுதினேன். பாதி மார்க்ஸ்தான் கிடைத்தது. வகையீட்டில் ஒரு பிழையும் இல்லை. பிறகு ஏன் வெட்டினார்கள்?
— உயர்தர மாணவி, வெள்ளவத்தை

பதில்: பிள்ளை, உங்கள் வகையீடு சரி, சமன்பாட்டைத் தீர்த்ததும் சரி. ஆனால் வேலை அங்கே முடியவில்லை, நீங்கள் பாதி வழியில் பேனாவை மூடிவிட்டீர்கள். மார்க்ஸ் வெட்டிய ஆசிரியர் செய்தது நியாயம் என்றுதான் சொல்வேன்.

கொஞ்சம் கணக்கை மறந்துவிட்டுக் கண்டி பஸ்ஸில் ஏறுங்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் சாரதிக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் இருந்து அவருடைய கையை மட்டும் பாருங்கள். வலப்பக்கம் வளையும் பாதையில் ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்பி நிற்கும், உங்கள் தோள் இடப்பக்கம் சாயும். அடுத்தது இடப்பக்க வளைவு என்றால் அவர் ஸ்டியரிங்கைத் தளர்த்தித் தளர்த்திக் கொண்டுவந்து ஒரு கணம் நேராக்கி, அப்படியே இடப்பக்கம் கொண்டுபோவார். அந்த ஒரு கணத்தில் பஸ் எந்தப் பக்கமும் வளையவில்லை, உங்கள் உடம்பும் நிமிர்ந்திருக்கும், அடுத்த நொடி மற்றப் பக்கம் சாயும். பாதையில் அந்த இடம்தான் விபத்திப் புள்ளி.

இப்போது இன்னொரு விதமான இடத்தை யோசியுங்கள். வலப்பக்க வளைவு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக இளகி, சாரதி ஸ்டியரிங்கை நேராக்குகிறார், ஆனால் பாதை மறுபடியும் வலப்பக்கமே வளைவதால் திரும்பவும் அதே பக்கம் பிடிக்கிறார். இங்கேயும் ஸ்டியரிங் ஒரு கணம் நேராக இருந்தது. ஆனால் வளைவு பக்கம் மாறவே இல்லை. இரண்டாம் பெறுதி பூச்சியம் என்று நீங்கள் கண்டுபிடித்தது ஸ்டியரிங் நேராக இருந்த இடங்களை மட்டும்தான். அதற்குப் பிறகு அது எந்தப் பக்கம் போனது என்று நீங்கள் பார்க்கவில்லை.

உங்கள் கணக்குக்கே வருவோம். இரண்டாம் பெறுதி 60எக்ஸ்³ − 60எக்ஸ்², அதைக் காரணிப்படுத்தினால் 60எக்ஸ்²(எக்ஸ் − 1). பூச்சியமாகும் இரண்டு இடங்களுக்கும் இரு பக்கத்திலும் ஒவ்வொரு பெறுமானம் போட்டுப் பாருங்கள். எக்ஸ் = −1 இல் −120 வரும். எக்ஸ் = ½ இல் −7.5 வரும். எக்ஸ் = 2 இல் 240. அதாவது பூச்சியத்துக்கு முன்னாலும் மறை, பின்னாலும் மறை. 1 ஐத் தாண்டும்போதுதான் மறைக் குறி நேர்க் குறியாக மாறுகிறது. ஆகவே (1, −2) ஒன்றுதான் விபத்திப் புள்ளி. வரைபின் மேல் இடமிருந்து வலமாக ஒரு ஓட்டோவை ஓட்டுவதாக நினைத்தால் (0, 0) இல் கையை நேராக்கி மறுபடியும் வலப்பக்கமே திருப்புவீர்கள், (1, −2) இல்தான் இடப்பக்கம் திருப்புவீர்கள். இது வெறும் உவமைக்குச் சொன்னதும் இல்லை. இரண்டாம் பெறுதி மறை என்றால் படித்திறன் குறைந்துகொண்டு போகிறது, இடமிருந்து வலமாகப் போகிறவருக்கு அது வலப்பக்கத் திருப்பமேதான்.

அது மட்டும் இல்லை, (0, 0) இல் என்ன நடக்கிறது என்று பார்த்தீர்களா? முதலாம் பெறுதி 5எக்ஸ்³(3எக்ஸ் − 4). எக்ஸ் = −1 இல் 35, எக்ஸ் = 1 இல் −5. ஏறி வந்த வரைபு பூச்சியத்தில் நின்று இறங்குகிறது, அதாவது அது ஓர் உயர்வுப் புள்ளி! நீங்கள் விபத்திப் புள்ளி என்று எழுதியது ஒரு மேட்டின் உச்சி. இரண்டாம் பெறுதியைப் போட்டு உயர்வா இழிவா என்று பார்க்கிற சோதனை, பூச்சியம் வந்தால் ஒன்றுமே சொல்லாது என்று வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். எக்ஸ்⁴ ஐத்தான் அதற்கு எல்லோரும் உதாரணமாகச் சொல்வார்கள். உங்கள் வினாத்தாளைத் தயாரித்தவர் அதையே கொஞ்சம் ஒளித்துவைத்துத் தந்திருக்கிறார், எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்தது.

பரீட்சையில் நேரம் இல்லாதபோது ஒரு வழி இருக்கிறது. காரணிப்படுத்திய பிறகு, காரணியின் வலு ஒற்றை என்றால் அங்கே குறி மாறும், இரட்டை என்றால் மாறாது. எக்ஸ்² இரட்டை, (எக்ஸ் − 1) ஒற்றை, முடிந்தது. ஆனாலும் விடைத்தாளில் குறி அட்டவணையை எழுதிவிடுங்கள், அதற்குத்தான் மார்க்ஸ்.

கேள்வி: என்னிடம் இந்தியாவில் அச்சான கைட் ஒன்று இருக்கிறது. அதில் 'வளைவு மாற்றப் புள்ளி', 'மேல்நோக்கிக் குழிவு' என்றெல்லாம் இருக்கிறது. இன்னொரு புத்தகத்தில் அதே வரைபைக் 'குவிவு' என்கிறார்கள். பௌதிகவியலில் குழிவு வில்லை, குவிவு வில்லை வேறு. தலை சுற்றுகிறது.
— இணைந்த கணிதம் படிக்கும் மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: தலை சுற்றத் தேவையில்லை தம்பி. வளைவு மாற்றப் புள்ளியும் நமது விபத்திப் புள்ளியும் ஒன்றுதான், அவர்களுடைய 'வகைக்கெழு' நமது 'பெறுதி' ஆவது போல. குழிவு, குவிவில்தான் உண்மையான சிக்கல், ஏனென்றால் எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்று சொல்லாவிட்டால் ஒரே வளைகோடு இரண்டும்தான். கரண்டியின் உட்பக்கம் குழிவு, புறப்பக்கம் குவிவு, ஆனால் கரண்டி ஒன்றுதானே.

குசினிக்குப் போய் ஒரு சிரட்டையை எடுங்கள். தண்ணீர் நிற்கிற மாதிரி நிமிர்த்தி வைத்தால் அது மேல்நோக்கிக் குழிவு, இரண்டாம் பெறுதி நேர். கவிழ்த்து வைத்தால் கீழ்நோக்கிக் குழிவு, இரண்டாம் பெறுதி மறை. வெறுமனே குவிவுச் சார்பு என்று பொருளியல் புத்தகத்திலோ பல்கலைக்கழகப் புத்தகத்திலோ வந்தால் அது பெரும்பாலும் நிமிர்த்திய சிரட்டை. நிமிர்த்திய சிரட்டையின் விளிம்பில் இரண்டு புள்ளியைத் தொட்டு ஓர் ஈர்க்கை வைத்தால், ஈர்க்கு சிரட்டைக்கு மேலே நிற்கும். அந்த ஈர்க்குத்தான் நாண். நாண் வரைபுக்கு மேலே, தொடலி வரைபுக்குக் கீழே. கவிழ்த்தால் எல்லாம் மறுபக்கம். விபத்திப் புள்ளியிலோ தொடலி ஒரு பக்கத்தில் நிற்காமல் வரைபைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும், எக்ஸ்³ க்கு (0, 0) இல் தொடலி வரைந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். வில்லையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அங்கே வில்லையை வெளியிலிருந்து பார்க்கிறார்கள், நடுப்பகுதி தடித்திருந்தால் குவிவு, மெலிந்திருந்தால் குழிவு, இங்கே நாம் மேலிருந்தா கீழிருந்தா என்று பார்க்கிறோம்.

கேள்வி: கொழும்பில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். 2022 முடிவில் பணவீக்கம் குறைந்துவிட்டது, குறைந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்த ஆட்கள், விலை குறைந்துவிட்டதாமே, நீங்கள் மட்டும் ஏன் குறைக்கவில்லை என்று என்னோடு சண்டைக்கு நின்றார்கள். எனக்குச் சாமான் வந்த விலை கூடிக்கொண்டுதான் இருந்தது. யார் சொன்னது பொய்?
— கடைக்காரர், புறக்கோட்டை

பதில்: ஐயா, இந்தப் பக்கத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள், நீங்கள் கேட்டிருப்பது இரண்டாம் பெறுதியைப் பற்றித்தான். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் சொன்னதைக் கேட்டவர்கள் உங்கள் மேல் பாய்ந்தது அநியாயம்.

விலை மட்டம் என்பது ஒரு வரைபு. பணவீக்கம் என்பது அந்த வரைபு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்ற அளவு, கணக்கில் சொன்னால் படித்திறன். பணவீக்கம் குறைகிறது என்றால் ஏற்றம் சாய்வாகிறது, அவ்வளவுதான், பாதை இன்னும் மேல்நோக்கியே போகிறது. எண்களைப் பாருங்கள். நம்முடைய ஊர்ப் பெயரிலேயே இருக்கிற கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, முந்தைய வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிட்ட பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 வீதம். ஒக்டோபரில் 66.0, நவம்பரில் 61.0, டிசெம்பரில் 57.2. இறங்குமுகம்தான், சந்தேகமில்லை. ஆனால் 57.2 என்பதன் அர்த்தம் என்ன? 2021 டிசெம்பரில் 1000 ரூபாய்க்கு வாங்கிய சாமான் கூடை 2022 டிசெம்பரில் 1572 ரூபாய் என்பது. 'குறைந்த' மாதத்தில்!

அப்படியே 2023 செப்டெம்பருக்கு வாருங்கள். பணவீக்கம் 1.3 வீதம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாயாக இருந்த கூடை 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 170 ஆகி, 2023 செப்டெம்பரில் ஏறத்தாழ 172 ஆகிறது (இடையில் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டை 2013 இலிருந்து 2021 க்கு மாற்றினார்கள், அதனால் ஏறத்தாழ என்றே சொல்கிறேன்). 70 ரூபாய் ஏறியது, பிறகு 2 ரூபாய் ஏறியது. வரைபு கவிழ்த்த சிரட்டையாக வளைந்து தட்டையாகிவிட்டது, ஆனால் 100 க்குத் திரும்பவில்லை. முந்தைய வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிட்டு உண்மையிலேயே இறங்கியது 2024 செப்டெம்பரில்தான், அதுவும் அந்த மாதம் 0.5 வீதம்தான். இந்த வருடக் கணக்கில் அப்போதுதான் முதலாம் பெறுதியின் குறி மாறியது. 2022 இல் உங்களோடு சண்டை பிடித்தவர்கள் கேட்டது அதை, தொலைக்காட்சி சொன்னதோ இரண்டாம் பெறுதியின் குறி மாறியதை.

இங்கே மாணவர்களுக்கு ஒரு விஷயம், இதைக் கவனமாகப் படியுங்கள். அப்படியென்றால் விலை வரைபின் விபத்திப் புள்ளி 2022 செப்டெம்பர்தானே என்று எழுதத் தோன்றும். இல்லை, அது அதற்கு முன்னால். 69.8 என்பது ஒரு மாதத்து ஏற்றம் இல்லை, 12 மாதப் படிகளைச் சேர்த்துப் பார்த்த ஏற்றம். செப்டெம்பரிலிருந்து ஒக்டோபருக்கு வரும்போது 2021 ஒக்டோபரின் படி கணக்கிலிருந்து விழுகிறது, 2022 ஒக்டோபரின் படி புதிதாகச் சேர்கிறது. மொத்தம் குறைந்தது என்றால், புதிய படி, நெருக்கடி முற்றுவதற்கு முந்தைய அந்தப் பழைய படியைவிடவும் சிறியதாகிவிட்டது என்று அர்த்தம். இடையில் இருந்த படிகள்தான் பெரியவை. ஆகவே மாத ஏற்றம் அதன் உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கிக் கொஞ்சக் காலம் ஆன பிறகுதான் வருடக் கணக்கு திரும்புகிறது. வளைவு ஏற்கெனவே பக்கம் மாறிவிட்டது, செய்தி பிந்தி வந்தது.

இப்படிக் கதைத்துக் குழப்புவது நம் நாட்டில் மட்டும் நடந்தது இல்லை. 1972 இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன், பணவீக்கம் அதிகரிக்கும் வேகம் குறைகிறது என்று சொன்னார். விலைக்குப் பெறுதி பணவீக்கம், அதற்குப் பெறுதி அதன் அதிகரிப்பு, அது குறைகிறது என்றால் மூன்றாம் பெறுதி மறை! பதவியில் இருக்கிற ஜனாதிபதி ஒருவர் மறுபடியும் தெரிவாவதற்கு மூன்றாம் பெறுதியைப் பயன்படுத்தியது இதுதான் முதல் தடவை என்று ஹியூகோ ரொசி என்ற கணிதவியலாளர் 1996 இல் எழுதினார். நிக்சன் சொன்னதை நம்பி வீட்டுக்காரர்கள் சந்தோஷப்பட்டிருந்தால், விலையும் ஏறிக்கொண்டிருந்தது, ஏறும் வேகமும் கூடிக்கொண்டிருந்தது என்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஐயா, இனி யாராவது வந்து கேட்டால் ஒன்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்: குறைந்தது விலையா, விலை ஏறுகிற வேகமா?

கேள்வி: முப்படிச் சார்பு என்றால் ஒரேயொரு விபத்திப் புள்ளிதான் என்று மனப்பாடம் செய்யலாமா?
— மாணவன், பம்பலப்பிட்டி

பதில்: செய்யலாம், ஆனால் காரணத்தோடு. முப்படியை இரண்டு தரம் வகையிட்டால் ஒரு நேர்கோடு மிஞ்சும், சாய்ந்த நேர்கோடு அச்சை ஒரு தரம்தான் வெட்டும், வெட்டும்போது குறி மாறியே ஆகும். இரண்டு திரும்பற் புள்ளிகள் இருந்தால் விபத்திப் புள்ளி அவற்றுக்குச் சரி நடுவில் இருக்கும். எக்ஸ்³ − 6எக்ஸ்² + 9எக்ஸ் ஐ எடுங்கள்: உயர்வு (1, 4), இழிவு (3, 0), விபத்திப் புள்ளி (2, 2). பரும்படிப் படம் வரையும்போது இது பெரிய உதவி. எக்ஸ்³ + எக்ஸ் மாதிரித் திரும்பற் புள்ளியே இல்லாத முப்படிக்கும் விபத்திப் புள்ளி உண்டு என்பதை மறக்க வேண்டாம். அங்கே படித்திறன் பூச்சியமாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

கேள்வி: இரண்டாம் பெறுதியே இல்லாத இடத்தில் விபத்திப் புள்ளி வருமா?
— மாணவி, தெகிவளை

பதில்: வரும். எக்ஸின் கனமூலத்தை வரைந்து பாருங்கள். பூச்சியத்தில் தொடலி செங்குத்தாக நிற்கிறது, பெறுதி எடுக்கவே முடியாது, ஆனால் இடப்பக்கம் நிமிர்ந்த சிரட்டை, வலப்பக்கம் கவிழ்த்த சிரட்டை, வரைபு அறாமல் (0, 0) வழியே போகிறது. ஆகவே அது விபத்திப் புள்ளி. அதனால் இரண்டாம் பெறுதி பூச்சியமாகும் இடங்களோடு, அது இல்லாமல் போகும் இடங்களையும் தேடுங்கள். ஆனால் 1/எக்ஸ் இல் ஏமாந்துவிடாதீர்கள், பூச்சியத்துக்கு இரு பக்கமும் வளைவு மாறுகிறது, ஆனால் பூச்சியத்தில் வரைபில் புள்ளியே கிடையாது, அங்கே இருப்பது அணுகுகோடு.

கேள்வி: இதை முதலில் யோசித்தவர் யார்?
— வாசகர், வத்தளை

பதில்: வகையீட்டைப் பற்றி ஜேர்மன் கணிதவியலாளர் லைப்னிட்ஸ் 1684 இல் அச்சிட்ட முதல் கட்டுரையிலேயே இது இருக்கிறது. சில பக்கங்களே உள்ள கட்டுரை அது, அதற்குள் உயர்வு, இழிவு, குழிவு, குவிவு எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டார். எதிர்ப்பக்கம் வளையும் புள்ளி என்ற பொருளில் இலத்தீனில் அதற்குப் பெயரும் வைத்தார். 1696 இல் லொபிதால் வெளியிட்ட முதலாவது நுண்கணிதப் பாடநூலில் இதற்குத் தனி அத்தியாயமே வந்துவிட்டது.

கேள்வி: என் மகன் 9 ஆம் தரம். அக்காவின் கொப்பியைப் பார்த்துவிட்டு விபத்திப் புள்ளி என்றால் என்ன என்று நச்சரிக்கிறான். வகையீடு தெரியாத பிள்ளைக்கு இதைக் காட்ட முடியுமா?
— ஓர் அம்மா, மட்டக்குளி

பதில்: முடியும், அம்மா. நச்சரிக்கிற பிள்ளைக்கு உடனே காட்டுங்கள், ஆறவிடாதீர்கள்.

வீட்டில் குடம் ஒன்று இருக்கும், நீர்வெட்டு நாளுக்கு வைத்திருப்பீர்களே, அதை எடுங்கள். ஒரு தேநீர்க் கோப்பையும் நீளமான ஓர் ஈர்க்கும் போதும். மகனிடம் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், ஈர்க்கை நேராக அடிவரை விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள், துடைத்துவிட்டு அடுத்த கோப்பை. அடியில் குடம் ஒடுக்கம், கோடுகள் அகல அகலமாக விழும். வயிறு பெருக்கப் பெருக்க ஒரு கோப்பைக்கு ஏறுகிற உயரம் குறையும், கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கும். வயிற்றின் அகலமான இடத்தைத் தாண்டிய பிறகு அவை மறுபடியும் விலகத் தொடங்கும், கழுத்தில் ஒரே கோப்பைக்குத் தண்ணீர் விறுக்கென்று ஏறும்.

அப்புறம் சதுரக் கொப்பியில் கோப்பை எண்ணிக்கையைக் கிடையாகவும் உயரத்தை நிலைக்குத்தாகவும் குறித்துப் புள்ளிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். முதலில் கவிழ்த்த சிரட்டை போல வளைந்து, பிறகு நிமிர்ந்த சிரட்டை போல வளையும் ஒரு கோடு வரும். தண்ணீர் ஒரு தடவைகூட இறங்கவில்லை, கோடு முழுக்க ஏறுமுகம்தான், ஆனால் நடுவில் ஓரிடத்தில் வளைவு பக்கம் மாறியிருக்கும். அந்த உயரத்தை ஈர்க்கில் தேடிப் பிடித்து, ஈர்க்கைக் குடத்துக்கு வெளியே பக்கத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். குடத்தின் வயிறு ஆகப் பெருத்த இடத்துக்கு நேராக நிற்கும். குடம் ஒளித்து வைத்திருந்த அகலத்தை அவன் தண்ணீரை வைத்தே கண்டுபிடித்துவிட்டான்.

விளிம்பு வெளியே விரிந்த குடமாக இருந்தால் கழுத்தின் ஆக ஒடுங்கிய இடத்தில் இரண்டாவது ஒன்றும் கிடைக்கும், ஆனால் அங்கே சிறிய கோப்பையால் ஊற்றினால்தான் பிடிபடும். பிளாஸ்டிக் வாளியில் செய்து பார்க்கிறேன் என்று சொன்னால் அதையும் செய்யட்டும். வாளி மேலே போகப் போக விரிவதால் கோடுகள் கடைசிவரை நெருங்கிக்கொண்டே போகும், வளைவு பக்கம் மாறாது, எவ்வளவு தேடினாலும் புள்ளி கிடைக்காது. ஏன் கிடைக்கவில்லை என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.